எழுபத்திரண்டு மணி நேரமும் ஒரு தட்டு பால்கோவாவும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் பிளஸ் டூ பெண்களுக்கு உயிரியல் நடத்தியவள் நான். எம்.எஸ்ஸி. விலங்கியல். தவளையின் இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். ஆனால் இனப்பெருக்க நலன் பாடம் வந்த அன்று, "இது ஈசியான பாடம், வீட்டுல படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டேன். கருத்தடை பற்றி அதில் சில பக்கங்கள் இருந்தன. மாணவிகள் நிச்சயம் படித்திருப்பார்கள். டீச்சர்தான் படிக்கவில்லை.

அந்தப் பக்கங்கள் என்னைத் தேடிச் சென்னைக்கே வந்தன.

மந்தைவெளியில் வீடு, தி.நகரில் பாத்திரக்கடை. இதுதான் நான் வாழ்க்கைப்பட்ட இடம். மாமனார், மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவி ஜெயக்கனி அக்கா, அவர்களுடைய மூன்று பெண் பிள்ளைகள், ஒரு வாரம் தங்கிப்போக வந்து ஆறு மாதமாக இருந்த பெரிய மாமா, பிறகு நாங்கள் இருவர். ஆக மொத்தம் பத்துப் பேர். பத்துப் பேர் இருக்கிற வீட்டில் தனிமையா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் பேசிக்கொண்டே இருப்பார்கள். சாம்பாரைப் பற்றி, குக்கர் வாஷரைப் பற்றி, எதிர்வீட்டுக்காரன் காரை நிறுத்துவதைப் பற்றி. நான் மனதில் வைத்திருப்பதைச் சொல்ல ஒரு காது கிடையாது. ஜெயக்கனி அக்காவோ நாளுக்கு இருபது சொல்தான் பேசுவார். அதில் பதினெட்டு பிள்ளைகளுக்கு, ஒன்று பால்காரருக்கு. மீதி ஒன்று என்னைக் கூப்பிட.

என்னிடம் கேட்கப்படும் கேள்வி மட்டும் ஒன்று உண்டு. "என்னம்மா, விசேஷம் உண்டா?"

கல்யாணமாகிப் பதினான்கு மாதமாக இதே கேள்வி. காய்கறிக்காரம்மா கூடக் கேட்டாள். நானும் கணவர் முத்துக்குமாரும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தோம். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வை நான் எழுதி முடிக்கும்வரை குழந்தை வேண்டாம். ஒப்பந்தம் எங்கள் இருவருக்குள் மட்டும். வெளியில் யாராவது கேட்டால் அவர் மேலே கையைக் காட்டி, "சாமி குடுக்கப்ப குடுக்கும்" என்பார். சாமியும் பாவம், செய்யாத குற்றத்துக்குப் பதினான்கு மாதமாகப் பழி சுமந்துகொண்டிருந்தது.

தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் தாம்பரத்தில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனார்கள். எனக்குத் தலைவலி என்றேன். இவருக்குச் சாயங்காலம் வடக்கே கொள்முதலுக்கு ரயில், அதனால் மூட்டை கட்ட வேண்டும் என்றார். (மூட்டை ஐந்து நிமிடத்தில் கட்டியாயிற்று.) அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, நாங்கள் நம்பியிருந்த ஆணுறை கிழிந்துபோனது. 

அதைப் பார்த்ததும் இவர் முகம், புது எவர்சில்வர் அண்டா கீழே விழுந்து நசுங்கினால் கடையில் எப்படி ஆகுமோ அப்படி ஆகிவிட்டது.

"ஒரு மாத்திரை உண்டாம், மகா. மூணு நாளைக்குள்ள போட்டாப் போதுமாம். யாரோ சொன்னாங்க."

"அப்ப நீங்களே போய் வாங்கிட்டு வந்துட்டுக் கெளம்புங்க."

"ஞாயித்துக்கெழமல்லா. கடை பூட்டியிருக்கும்."

மருந்துக்கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்பது மந்தைவெளியில் பூனைக்கும் தெரியும். ஐந்து மணிக்கு, விருந்திலிருந்து திரும்பிய அண்ணனோடு இவர் கிளம்பிப் போனார். ஏறும்போது ஆட்டோவிலிருந்து என்னைப் பார்த்து, பரீட்சை ஹாலுக்குள் பிள்ளையை அனுப்பும் அப்பா போலத் தலையை ஆட்டினார். பரீட்சை எனக்கு மட்டும்.

திங்கட்கிழமை காலை, வழக்கம்போலக் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதல் கடை எங்கள் தெரு முனையிலேயே. நான் வாயைத் திறக்குமுன் கடைக்காரர், "வாம்மா, மாமாவுக்கு சுகர் மாத்திரை தீந்துபோச்சா? அத்தைக்கு முட்டிவலி தைலமா?" என்றார். அவருக்கு எங்கள் வீட்டுப் பத்துப் பேரின் உடம்பும் மனப்பாடம். இவரிடம் அந்த மாத்திரையைக் கேட்டால் நான் வீடு திரும்புமுன் செய்தி திரும்பிவிடும்.

"இருமல் மிட்டாய்" என்றேன்.

இரண்டாவது கடை மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. தைரியமாகப் படியேறினேன். எனக்குப் பக்கத்தில் ஒரு மாமி வந்து நின்றார். கடைக்காரர் காதருகே குனிந்து, "அந்த... அவசரத்துக்குப் போடுற மாத்திரை இருக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அவசரம்? வயித்தாலப் போகுதா?"

"இல்ல... இது வேற அவசரம்."

"நெஞ்சு வலியாம்மா?" அவர் குரல் உயர்ந்தது. மாமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ, உக்காருடிம்மா! ஆத்துல யாராவது இருக்காளா? போன் நம்பரைச் சொல்லு!"

நெஞ்சுவலி இல்லை என்று இருவரையும் நம்பவைக்கப் பெரும் பாடாகிவிட்டது. கடைசியில் அலைபேசியில் மாத்திரையின் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் பார்த்தார். என் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துச் சொன்னார். "அதெல்லாம் நாங்க வெக்கிறதில்லம்மா. டாக்டர் சீட்டு இருந்தா வேற எங்கயாவது கேட்டுப் பாருங்க."

மாமி என் முழங்கையை விட்டுவிட்டார். கையை எடுத்த விதம்தான் இன்னும் நினைவிருக்கிறது.

அலைபேசிச் செயலியில் தேடினேன். "உங்கள் பகுதிக்கு இந்தப் பொருள் இல்லை" என்றது. இருந்திருந்தாலும் பயனில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் எந்தப் பார்சலையும் வாசலில் வாங்கிப் பிரித்து பில்லைச் சரிபார்ப்பவர் மாமனார்.

மூன்றாவது கடை அடையாறில். கல்லாவில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். நெற்றி நிறையக் குங்குமம். பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. மீதி பாதி நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது.

"இன்னாமா வோணும்?"

"அக்கா... வந்து... கர்ப்பம்..."

"ம்?"

"கர்ப்பம்... ஆயிருமோன்னு... அதுக்கு... ஒண்ணு தருவாங்கல்ல..."

அவர் முகம் மலர்ந்தது. "அடச்சே, இத்த கேக்கவா இம்மா நேரம் வெக்கப்பட்டுக்கினு கீற! எனக்குப் புரியாதா?" ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் காகித உறையில் போட்டு என் கையில் அழுத்தினார். "காலைல எய்ந்ததும் மொத வேலையா பாத்துடு. நல்லதே நடக்கும், போ."

மாத்திரையைக் காலையில் எழுந்ததும் எதற்குப் பார்க்க வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் நான் ஏற்கெனவே ஆட்டோவில் இருந்தேன்.

நூலகத்துக்குப் போய்க் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. ஒரு சொட்டுக்குழாய். ஒரு குட்டிப் பொட்டலம். பொட்டலத்துக்குள் ஏதோ மணிமணியாக உருண்டது. மாத்திரை இதுதான் போலிருக்கிறது, பொடித்துத் தந்திருக்கிறார்கள் என்று கிழிக்கப் போனேன். பொட்டலத்தின் மேல் "உண்ணக்கூடாது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது ஈரத்தை உறிஞ்சும் மணல். பெட்டியைத் திருப்பிப் படித்தேன். கர்ப்பமா இல்லையா என்று பார்க்கும் சோதனை.

விலங்கியல் முதுகலைப் பட்டதாரியான நான், கழிவறையில் நின்றுகொண்டு, ஈரம் உறிஞ்சும் மணலைத் தின்னப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். யாரும் இல்லாததால் சிரிப்பு கொஞ்ச தூரம் போய், வேறு ஒன்றாக மாறிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தப் பெட்டியை வழியிலேயே தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. காசு கொடுத்து வாங்கியதை வீசினால் கை வலிக்கும் ரகம் நான். பைக்குள்ளேயே கிடந்தது. சாயங்காலம் மாமியார் தையல் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடி, என் பையில் இருக்கும் என்று கையை விட்டார்.

நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு அலறல். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடிவந்தேன். கூடத்தில் மாமியார் அந்தப் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி நின்றுகொண்டிருந்தார். கண்ணில் நீர்.

"தாயி! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"அத்த, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாண்டாம். உக்காரு. ஏ, ஃபேனைப் போடுங்கட்டி!"

அடுத்த கால் மணி நேரத்தில் நடந்ததை நான் வேடிக்கைதான் பார்த்தேன். பெட்டி சாமி படத்துக்கு முன்னால் போனது. அதற்கு விபூதி வைக்கப்பட்டது. மாமனார் கோவில்பட்டிக்குப் போன் போட்டு என் அம்மாவிடம் சொன்னார். அம்மா மறுமுனையில் அழுதது கூடம் வரை கேட்டது. பெரிய மாமா குழந்தைக்கு ஐந்து பெயர் சொன்னார், ஐந்தும் அவருடைய பெயரின் வெவ்வேறு வடிவங்கள். மாமியார் பால் சட்டியை அடுப்பில் ஏற்றினார். அவர் கிண்டும் பால்கோவா எங்கள் சொந்தத்தில் பேர்போனது.

"அத்த, அது நான் எனக்காக வாங்கல" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்பறம் ஜெயக்கனிக்கா வாங்கின? சிரிப்பு காட்டாத."

அடுப்படி வாசலில் நின்ற ஜெயக்கனி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபது சொல்லில் ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், பதினான்கு மாதமாக நாங்கள் சாமி பேரில் பொய் சொன்னதும் சேர்ந்து வெளியே வரும். மாமியார் கண்ணில் இருக்கும் நீருக்கு வேறு காரணம் கிடைத்துவிடும். அதற்கான தெம்பு எனக்கு இல்லை.

கணவருக்குப் போன் போட்டேன். பக்கத்தில் அண்ணன் இருந்ததால் வியாபாரப் பாஷையில் பேசினார். "அந்தச் சரக்கு எடுத்தாச்சா?"

"எடுக்கல. சரக்கு மாறிப்போச்சு."

"அப்படியா? ஆனா அம்மா இப்பத்தான் பேசினாங்க..." குரலைத் தாழ்த்தினார். "மகா, நேத்து மத்தியானம்தான... அதுக்குள்ள தெரிஞ்சுருமா?"

அவர் பி.காம். அவரை நான் குறை சொல்ல முடியாது. போனை வைத்துவிட்டேன். சுற்றிலும் ஏழு வாய்கள் எனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சந்தோஷத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் விரல்விட்டு மணி எண்ணினேன். இருபத்தெட்டு போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குக் கிளம்பினேன். வாசலில் பெரிய மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஆட்டோ குலுக்கும்மா. மூணு மாசத்துக்கு எங்கயும் போப்படாது."

"அத்த, அப்ப டாக்டர்கிட்டயாவது போகலாம். இன்னிக்கே."

"செவ்வாய்க்கெழம யாராவது மொத தடவ போவாளா? நாளைக்குப் போவோம்."

அன்று முழுவதும் கட்டிலில் உட்காரவைக்கப்பட்டேன். மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தார்கள். ஜன்னல் வழியாகப் பறக்கும் ரயில் போகும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முறை நினைத்துக்கொண்டேன், இறங்கி ஓடிப்போய் ஏதாவது ஒரு கடையில் நின்று சத்தமாக அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன என்று. அறுபது பெண்களுக்கு முன்னால் நின்று பாடம் எடுத்தவளுக்கு ஒரே ஒரு சொல் வாயில் வரவில்லை. என்னைக் காவல் காத்தது பெரிய மாமா இல்லை. நான்தான்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு மயிலாப்பூரில் ஒரு பெண் டாக்டர். மாமியார், ஜெயக்கனி அக்கா, நான். டோக்கன் பதினேழு. உள்ளே அப்போதுதான் நான்காவது போயிருந்தது. கூடம் முழுக்க வயிறு பெருத்த பெண்கள். மாமியார் ஒவ்வொருவரிடமும் எத்தனையாவது மாதம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு எழுபத்திரண்டு முடிகிறது. எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது பன்னிரண்டு நாற்பது.

மூவரும் எழுந்தோம். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேஷன்ட் மட்டும்."

"நான் அவ மாமியா..."

"தெரியுதும்மா. வெளிய இருங்க."

கதவு சாத்தப்பட்டது. கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேட்டார். பதினான்கு நாள் ஆயிற்று என்றேன். பேனாவை வைத்துவிட்டார். "பதினாலு நாள்ல கர்ப்பம்னு யார் சொன்னா?"

அவ்வளவுதான். மூன்று நாளாக நாக்கில் உட்கார்ந்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. ஆணுறை, இருமல் மிட்டாய், நெஞ்சுவலி, மணல், விபூதி வைத்த பெட்டி, மாதுளம்பழம். அழுதுகொண்டே சொன்னதில் எது எதற்கு அடுத்தது என்று அவருக்குப் புரிந்திருக்குமா தெரியாது. குறுக்கே பேசாமல் கேட்டார். என் பேச்சை ஒருவர் அப்படி முழுசாகக் கேட்டது அந்தப் பதினான்கு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"சரியா எப்ப நடந்தது?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு, டாக்டர்."

"கடிகாரத்தப் பாத்துட்டா இருந்தீங்க?" மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். அட்டையில் ஒரே ஒரு மாத்திரை. இதற்குத்தானா! ஒரு துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது.

"இது கருவைக் கலைக்கிற மாத்திரைன்னு நினைச்சுட்டு இருக்கீங்களா?"

தலையாட்டினேன். அதுவும் ஒரு குற்ற உணர்வாக உள்ளே இருந்தது.

"கிடையாது. கருமுட்டை வெளிய வர்றத இது தள்ளிப்போடும். அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கியிருந்தா இதால அத ஒண்ணும் பண்ண முடியாது. எவ்வளவு சீக்கிரம் போடுறமோ அவ்வளவு நல்லது. நீங்க கடைசி நேரத்துல வந்திருக்கீங்க. இருந்தாலும் போடலாம். நூத்துக்கு நூறுன்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்." தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். "மூணு நாள் தாண்டியிருந்தாலும் வழி இருக்கு. அஞ்சு நாளைக்குள்ள காப்பர்-டி வைக்கலாம். அதனால அழுகைய நிறுத்துங்க."

விழுங்கினேன். பன்னிரண்டு ஐம்பது.

"தலைவலி, குமட்டல் வரலாம். ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா இன்னொண்ணு போடணும். சட்டப்படி இதுக்கு சீட்டே வேண்டாம். ஆனா கடையில உங்கள அலைய விடுறாங்களே, அதுக்காக எழுதித் தர்றேன். பீரியட் நாலஞ்சு நாள் முன்ன பின்ன வரும். ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப்போனா, சாமி படத்துக்கு முன்னாடி இருக்கே, அந்த டெஸ்ட அப்ப எடுத்துப் பண்ணுங்க. அதுக்குத்தான் அது. அடிக்கடி இந்த மாத்திரையவே நம்பிட்டு இருக்கக் கூடாது. வேற நல்ல வழிகள் இருக்கு. அடுத்த வாட்டி வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவருக்கும் பாடம் எடுக்கணும்."

கதவைத் திறந்து மாமியாரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான். "கர்ப்பம் இல்லம்மா. பொண்ணு நல்லா இருக்கா."

"அப்ப அந்தப் பெட்டி எதுக்கு வாங்கினா?"

"சந்தேகம் வந்தா வாங்கத்தான செய்வாங்க. அடுத்தவங்க வரட்டும்."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அடுப்படிக்குள் போய் ஒரு தட்டு நிறையப் பால்கோவாவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விடு, தாயி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். சாமி குடுக்கப்ப குடுக்கும். நீ மனசு விட்டுராத. இந்தா."

தன் கையாலேயே ஊட்டினார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த அன்புக்கு நான் எந்த விதத்திலும் உரியவள் இல்லை என்று நினைக்க நினைக்க ஒவ்வொரு உருண்டையையும் மறுக்காமல் வாங்கினேன். தட்டு காலியானது. இரண்டு பத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன்.

"ஏ ஜெயக்கனி! ஓடியா! வாந்தி எடுக்கா!" மாமியாரின் குரலில் அப்படி ஓர் ஆனந்தம். "அந்த டாக்டருக்கு என்ன தெரியும்! வாந்தி எடுக்கால்லா!"

மாமனார் மறுபடியும் கோவில்பட்டி எண்ணைத் தேட ஆரம்பித்தது கேட்டது.

துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி இருபது நிமிடம். மாத்திரை போய்விட்டது. யாரோ என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள். ஜெயக்கனி அக்கா. அவருடைய இன்னொரு கையில் ஒரு காலி அட்டை இருந்தது. ஓடிவந்தபோது இடுப்பில் செருகியிருந்த என் மணிபர்ஸிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

"இது எத்தன மணிக்கு?" என்றார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஒண்ணுக்குப் பத்து நிமிசம்."

"ஞாயித்துக்கெழமையா?"

"ஆமாக்கா. மூணு மணி."

"சீட்டு?"

எடுத்துக் கொடுத்தேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்வாசல் வழியாக வெயிலில் இறங்கிப் போனார். தெருமுனைக் கடைக்குத்தான். பத்துப் பேர் உடம்பையும் மனப்பாடமாக வைத்திருப்பவரின் கடைக்கு. அங்கே என்ன கேட்டார், அவர் எப்படிப் பார்த்தார், எங்கிருந்து வரவழைத்துக் கொடுத்தார், எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு நாற்பதுக்குத் திரும்பி வந்தார். டம்ளரில் தண்ணீர் மோந்து கொடுத்தார். "முழுங்கு."

விழுங்கினேன். கூடத்துக்குப் போய்க் குரலை உயர்த்திச் சொன்னார். "அத்த, பால்கோவா கெட்டுப்போச்சு. நான் மோந்து பாத்தேன். ஊசின வாட. அதான் இவளுக்கு ஒத்துக்கல."

முப்பது வருடமாகச் சொந்தமெல்லாம் புகழ்ந்த பால்கோவாவைப் பார்த்து ஊசிப்போனது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் செய்யாத துணிச்சல். மாமியார் சட்டியை முகர்ந்து பார்த்தார். மாமனார் முகர்ந்து பார்த்தார். பெரிய மாமா முகர்ந்து பார்த்துவிட்டு, "லேசா இருக்கத்தான் செய்யுது" என்றார். (அவர் அதற்குள் அரைச் சட்டியைக் காலி செய்திருந்தார்.) மாமியார் ஒரு வாரம் ஜெயக்கனி அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கணவர் திரும்பி வந்தார். "எல்லாம் சரியாயிருச்சுல்ல?" என்றார். "சரியாயிருச்சு" என்றேன். "நல்லவேளை" என்று சொல்லிவிட்டுப் பித்தளை விளக்குகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது ஒரு வரியில் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் முடியவில்லை. குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது, ரயில் சத்தம் கேட்கும்போது, நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

வர வேண்டிய தேதிக்கு ஐந்து நாள் தள்ளி, நூலகத்தில், மெண்டலின் பட்டாணிச் செடிகளுக்கு நடுவில் வந்தது. அடிவயிற்று வலியோடு எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் இருநூறு பேர் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜெயக்கனி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, வந்துருச்சு."

"ம்." ஒரு வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். இரண்டு வெங்காயம் உரித்தபின் சொன்னார். "இனிமே அதுவரைக்கும் போகாத. மொதல்லயே ஏதாவது பாத்துக்கோ."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"கடைசிக் குட்டிக்கு அப்பறமாத் தெரிஞ்சுக்கிட்டேன்." கத்தியைத் துடைத்தார். "முன்னாடி சொல்ல யாருமில்ல."

கூடத்தில் அந்தக் கடைசிக் குட்டி கத்திப் பாடிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த மாதம் கணவரை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவருக்கு அரை மணி நேரம் பாடம் நடந்தது. வெளியே வரும்போது வேர்த்திருந்தார். தேர்வில் தேறினேன். வேலை கிடைத்து ஒன்றரை வருடம் கழித்து, நாங்கள் வேண்டுமென்று நினைத்தபோது மகள் பிறந்தாள்.

ஆனால் எங்கள் சொந்தத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்கு நான், பால்கோவாவுக்கு மசக்கையான மருமகள். எந்தக் கல்யாண வீட்டிலும் மாமியார் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்து ஆரம்பித்துவிடுவார். அந்தப் பெட்டி, சாமி படம், கோவில்பட்டிக்குப் போன போன், ஊரைக் கூட்டியது எல்லாம் வரும். கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். உண்மை தெரிந்தவர் எப்படி அப்படிச் சிரிக்கிறார் என்று ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் நிஜத்தை மறந்தே போய்விட்டார். சொல்லிச் சொல்லி மாமியாரின் கதைதான் அவருக்கும் நடந்த கதை. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் என் பங்குக்கு, "பால்கோவா என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு" என்பேன். இன்னொரு சிரிப்பலை எழும். சிரிக்கிற அத்தனை முகங்களுக்கும் நடுவில் நான் மட்டும் அந்தப் பின்கட்டில் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் தி.நகரில் ஒரு கல்யாணம். மாமியார் கதையைத் தொடங்கினார். டாக்டரிடம் போனது வரை வந்துவிட்டார். கதைக்குள் தட்டு நிறையப் பால்கோவாவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தும்விட்டார்.

"அத்த, பந்திக்கு இலை போட்டாச்சு. எந்திரிங்க" என்றது ஜெயக்கனி அக்காவின் குரல்.

கூட்டம் கலைந்து எழுந்தது. சமீப காலமாக எந்தக் கல்யாணத்திலும் கதை வாந்தி வரைக்கும் போய்ச் சேராதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பாட்டுக் கூடத்தின் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன்.

பந்தியில் ஓர் இலைகூட விழுந்திருக்கவில்லை. மேசைக்குக் காகிதமே அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்தார்கள்.